ஸ்பானிஷ் தெரியாமல் சல்சா பாட்டை ரசிக்க முடியுமா? எனக்கு எல்லாம் ஒரே பாட்டு மாதிரிதான் கேட்கிறது!

கேள்வியின் இரண்டாவது வரியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. "எல்லாம் ஒரே பாட்டு" என்று நானும் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அனுபவித்தேன்.

நீங்கள் எப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஜிம்மிலோ டான்ஸ் கிளாஸிலோ யாரோ ஓடவிட்ட பிளேலிஸ்ட். ஒன்றரை நிமிடம் ஒரு பாட்டு, உடனே அடுத்தது. நானும் அதே ரகம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இசை படித்தவன் இல்லை, ஆடவும் வராது. ராத்திரி ஷிஃப்டில் கம்ப்யூட்டர் சப்போர்ட் பார்க்கிற ஆள். "மாம்போ வேறு, சல்சா வேறு, திம்பா வேறு" என்று இசை வகை பிரித்துக் கமெண்டில் கிளம்பப்போகும் அறிஞர்களே, தெரியும், கொஞ்சம் பொறுங்கள்.

2011ல் நியூ ஜெர்சி யூனியன் சிட்டியில் குடியிருந்தேன். காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தபின் கியூபாவை விட்டு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய ஊர் அது. என் கீழ்வீட்டிலும் ஒரு கியூபாக்காரர், பஸ் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிறு காலை பத்து மணி, நான் ஷிஃப்ட் முடித்துக் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து ரெக்கார்ட் போடுவார். தரை அதிரும். மூன்றாவது வாரம் லுங்கியோடு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். சத்தத்தைக் குறையுங்கள் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்படியும் எல்லாம் ஒரே பாட்டுதானே" என்றும் சேர்த்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு, பொம்மைச் சொப்பு மாதிரி ஒரு கப்பில் காப்பி கொடுத்தார். பாதி சர்க்கரை. "ஒரு பாட்டை எத்தனை நிமிஷம் கேட்பே?" என்றார். ரெண்டு என்றேன். "அப்போ நீ இன்னும் ஒரு பாட்டும் கேட்கலை" என்று சொல்லிவிட்டு நியூ யார்க் பியானோக்காரர் எடி பால்மியெரியின் 'ஆசூகார்' போட்டார். 1965ல் வந்தது. ரேடியோவில் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காத காலத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. என் உள்ளங்கையைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியின் மரத்தில் வைத்து அழுத்தினார். "பாடறவனை விடு. பாஸைப் பிடி."

பாஸ் என்றால் அடியில் கனத்த குரலில் உறுமுகிற தந்தி வாத்தியம். நாம் 'ஒன்று' என்று தாளம் போடும் இடத்தில் அது அடிக்கவே இல்லை! அதற்கு முந்தைய எண்ணிலேயே அடுத்த சுரத்துக்குத் தாவிவிடுகிறது. 'ஒன்று' வரும்போது வெறும் காற்று. கையில் அந்த இடம் காலியாக இருப்பது அப்படியே தெரிந்தது. அந்தக் காலி இடத்தில்தான் ஆடுகிறவன் கால் வைக்கிறான் என்றார்.

அடியில் ஓடுகிற கணக்குக்குப் பெயர் கிளாவே. பதினாறு எண்ணுங்கள், 1, 4, 7, 11, 13ல் மட்டும் தட்டுங்கள். அவ்வளவுதான். பல ரெக்கார்டுகளில் அதை யாரும் வாசிக்கக்கூட மாட்டார்கள், ஆனால் எல்லோரும் அதற்குள்தான் நிற்பார்கள். ஆதி தாளத்தைக் கையில் போடாமல் மனசில் வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி.

பிறகுதான் அந்த மணி. பாட்டின் முன்பாதியில் போங்கோ என்ற சின்ன இரட்டை மேளம் வாசிக்கிறவர், பின்பாதி தொடங்கியதும் போங்கோவை விட்டுவிட்டு ஒரு மணியைக் கையில் எடுப்பார். சாட்சாத் மாட்டு மணிதான், நாக்கு மட்டும் இருக்காது, குச்சியால் அடிப்பார்கள். அந்த 'டாங்' கேட்டால் கதை சொல்வது முடிந்து மொந்தூனோ என்கிற பின்பாதி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கூட்டம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, தலைமைப் பாடகர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பதிலை எடுத்துவிடுவார். சிறு வயதிலேயே பார்வை இழந்த கியூபா இசைக்கலைஞர் ஆர்செனியோ ரொட்ரிகெஸ் 1940களில் ஹவானாவில் பியானோ, கொங்கா என்ற உயரமான மேளம், கூடுதல் ட்ரம்பெட் எல்லாம் சேர்த்து இந்தப் பின்பாதியை வளர்த்தார். நியூ யார்க் சல்சா அதன் மேல் கட்டியதுதான். 'ஆசூகார்' பாட்டில் பால்மியெரியின் இடது கை அதே பியானோ வரியை அசராமல் உருட்டிக்கொண்டிருக்க, வலது கை தன் இஷ்டத்துக்குத் திரியும். இரண்டு நிமிடத்தில் நிறுத்துகிறவனுக்கு இது எதுவுமே கிடைக்காது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைத் திட்டியிருக்கிறேன். நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

      

சரி, ஸ்பானிஷ். பெரும்பாலான பாட்டுக்குத் தேவையில்லை. விதிவிலக்கு பாடகர் ரூபன் பிளேட்ஸ். ட்ராம்போன்காரர் வில்லி கொலோனோடு அவர் செய்த 'சியெம்ப்ரா' (1978) ஆல்பத்தில் 'பெத்ரோ நவாஹா' ஏழு நிமிடக் குறும்படம்: கத்தி வைத்திருக்கும் ரவுடி, துப்பாக்கி வைத்திருக்கும் பெண், இருவரும் சாக, பணத்தைப் பொறுக்கிக்கொண்டு பாடிக்கொண்டே போகிற குடிகாரன். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். புதிது வேண்டுமென்றால் ஹவானா டி பிரிமேரா என்ற கியூபா குழுவின் 'பசபோர்த்தே' (2012). பாஸ் திடீரென்று காணாமல் போய், நீங்கள் தவித்த பிறகு திரும்பி வரும். பழைய கியூபாக் கலைஞர்களைச் சேர்த்து வந்த பிரபல ஆல்பம் புயனா விஸ்டா சோஷியல் கிளப் பற்றி ஏன் சொல்லவில்லை என்பீர்கள். அருமையான ரெக்கார்ட்தான், ஆனால் அதை மட்டும் கேட்டால் கியூபா இசை 1950களோடு நின்றுவிட்டது என்று தோன்றிவிடும்.

நிற்கவில்லை என்பதற்கு சாட்சி லோஸ் வான் வான். 1969ல் ஹுவான் ஃபொர்மெல் ஹவானாவில் தொடங்கிய குழு. அவரே பாஸ் வாசித்தவர். ஆனால் கீழ்வீட்டுப் பெரியவரிடம் அந்தப் பெயரை எடுக்கக்கூடாது. தீவிலேயே தங்கி அந்த ஆட்சியில் வாசித்தவர்கள் என்று கோபம். 1999ல் மயாமியில் அவர்கள் கச்சேரி வைத்தபோது அரங்குக்கு வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அவர் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1960ல் கியூபாவிலிருந்து வெளியேறிய பாடகி செலியா குரூஸை, இரண்டு வருஷம் கழித்து அம்மா செத்தபோதுகூட நாட்டுக்குள்ளே விடவில்லையே.

ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து வான் வான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போன் ஒயர் கழன்று போனில் சத்தமாகவே ஓடியது. பெரியவர் குப்பைப் பையோடு வெளியே வந்தார். அணைக்கப் போன என் கையைத் தடுத்தார். பாட்டு முடியும்வரை குப்பைப் பையைக் கீழே வைக்கவே இல்லை. கடைசியில், "பாஸ்காரன் நல்லா வாசிக்கிறான்" என்றார். இரண்டு படி இறங்கிப்போய்த் திரும்பிப் பார்த்து, "என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதே" என்றார்.