கரண்ட் பில்லில் வரும் ‘யூனிட்’ என்றால் என்ன?

1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எவ்வளவு வேகமாக இழுக்கிறது, எத்தனை நேரம் இழுக்கிறது என்ற இரண்டையும் பெருக்கித்தான் மீட்டர் கணக்கு வைக்கிறது. தாமிரபரணி வாய்க்காலில் மடை திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: மடையின் அகலம் வாட்; வயலில் பாய்ந்த மொத்தத் தண்ணீர் யூனிட்.

பாளையங்கோட்டையில் முதன்முதலாகத் தனி வீடு எடுப்பவர்கள், குடிபுகும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். இது மிக முக்கியம். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.எச். (kWh, அதாவது கிலோவாட் மணி) என்று காட்டுவதுதான் யூனிட். அவசரத்தில் வோல்டேஜைக் குறித்துக்கொண்டால், பிறகு வீட்டுக்காரரிடம் கணக்குப் பேச முடியாது.

வாட் கூடினாலே பில் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1500 வாட் ஹீட்டர் 10 நிமிடத்தில் இழுப்பது கால் யூனிட்தான், 75 வாட் ஃபேன் 20 மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் இழுத்துவிடும்.