"மை நேம் இஸ் கௌஹர் ஜான்": இசைத்தட்டின் முதல் நட்சத்திரம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

பழைய கிராமபோன் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவன் நான். போன வாரம் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன்.

இந்தியாவில் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடியவர் கௌஹர் ஜான்தானே? எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். (மதுரையிலிருந்து)

இல்லை. 1899லேயே லண்டனில் இந்தியர்கள் சிலர் பாடியும் பேசியும் பதிவு செய்திருக்கிறார்கள். இந்திய மண்ணில் என்று பார்த்தாலும், கிராமபோன் கம்பெனியின் பதிவு நிபுணர் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் 1902 நவம்பர் 8ஆம் தேதி முதலில் பதிவு செய்தது சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு நாடகப் பெண்களை. கௌஹர் பாடியது அதற்குச் சில நாள் கழித்து.

ஆனால் ஊர் அவரை முதல்வர் என்று நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தட்டு விற்றது அவர் பெயருக்காக. 1902 முதல் 1920 வரை பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் ஏறக்குறைய 600 பதிவுகள்! வங்காளி, இந்துஸ்தானி, குஜராத்தி, மராத்தி, பாரசீகம், பஷ்து, ஆங்கிலம் என்று போகும் அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு.

பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று கத்துகிறாரே, அது எதற்கு? தற்பெருமையா? (திருச்சி)

இந்தக் கேள்வியை ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். தற்பெருமையே இல்லை, அது தொழில் தேவை.

கல்கத்தாவில் பாடினாலும் தட்டு அங்கே தயாராகவில்லை. மெழுகுத் தட்டில் வெட்டிய பதிவைப் பத்திரமாகப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்புவார்கள். அங்கே அச்சு வார்த்து, தட்டு அடித்து, லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அங்கிருந்த தொழிலாளிக்கு வங்காளியும் தெரியாது, உருதுவும் தெரியாது. எந்தப் பெட்டியில் யார் குரல் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதனால்தான் பாடியவர் பாட்டின் கடைசியில் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லும் வழக்கம் வந்தது. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகு அந்த அவசியம் குறைந்துபோனது.

தட்டு செய்யும் அரக்கு விளைவதே நம் நாட்டுக் காட்டில்தான். இங்கிருந்து அரக்கு போனது, மெழுகில் குரலும் போனது. இரண்டும் சேர்ந்து கறுப்புத் தட்டாகத் திரும்பி வந்தன.

என்னிடம் உள்ள ஒரு தட்டில் கடைசி ஸ்வரத்துக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவில் மூச்சு வாங்கும் இடைவெளிகூட இல்லை. மெழுகில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது அந்த அவசரத்திலேயே தெரிகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மைக் இல்லாமல் எப்படிப் பதிவு செய்தார்கள்? (ஈரோடு)

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கூம்பு. அதன் குறுகிய முனையில் மெல்லிய சவ்வு, சவ்வோடு சேர்ந்த ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் கனத்த மெழுகுத் தட்டு. பாடும் குரலின் விசையே சவ்வை அதிரவைத்து ஊசியைக் கொண்டு மெழுகில் கோடு இழுக்க வேண்டும். மின்சார மைக் 1925க்குப் பிறகுதான் வந்தது.

பாடுபவருக்கு இது பெரிய அவஸ்தை. முகத்தைக் கூம்புக்குள் நுழைக்கிற மாதிரி நெருங்கி நின்று, முழுக்குரலில் பாட வேண்டும். மேல் ஸ்தாயி வந்தால் சற்றுப் பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி துள்ளிவிடும். ஒரு பிசிறு விழுந்தாலும் அந்த மெழுகு வீண், மறுபடி முதலிலிருந்து. கௌஹர் லக்னோவின் பிந்தாதீன் மகாராஜிடம் கதக் கற்றவர். கண்ணும் கையும் சேர்ந்து பாடிப் பழகிய ஒருவரைக் கழுத்தைத் திருப்பாமல் நின்று பாடச் சொன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தம்புரா அநேகமாகக் கேட்கவே கேட்காது. கணீரென்ற பெண் குரலை அந்தக் கூம்பு நன்றாகப் பிடிக்கும். கௌஹரின் குரல் அதற்கென்றே அமைந்தது மாதிரி இருந்தது.

மூன்று நிமிடத்தில் என்ன இந்துஸ்தானி சங்கீதம் பாட முடியும்? அது சும்மா துணுக்குதானே? (சென்னை)

இந்த இடத்தில்தான் எனக்குச் சண்டை போடத் தோன்றும். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் பாடக்கூடியவர் மூன்று நிமிடத்துக்குப் பாடும்போது, நீளத்தை வெட்டினால் மட்டும் போதாது. எதை முதலில் வைப்பது, எதை விடுவது, எங்கே முடிப்பது என்று பாட்டையே வேறு விதமாகக் கட்ட வேண்டும். அதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. கௌஹர் அதைத் தானே செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

அவர் பைரவி ராகத்தில் பாடிய தும்ரி (இந்துஸ்தானியில் காதல் ரசம் மிகுந்த பாட்டு வகை) "ரஸ் கே பரே தோரே நைன்" கேளுங்கள். ஆலாபனை என்று நேரத்தைச் செலவழிக்கவில்லை. முதல் வரியிலேயே ராகத்தின் முகம் தெரிந்துவிடும். அப்புறம் அதே வரியை நாலு விதமாகத் திருப்புவார், நடுவில் மின்னல் மாதிரி ஒரு தான் (வேகமான ஸ்வரக் கோவை) ஓடும், சட்டென்று பல்லவிக்கு வந்து நின்றுவிடுவார். அவசரம் தெரியாது. நம் ஊரில் பின்னாளில் தட்டுக்குப் பாடிய எல்லோரும் இதே கணக்கைத்தான் போட வேண்டியிருந்தது.

பெரிய உஸ்தாதுகள் இருக்கும்போது ஏன் இவரைப் போன்ற பெண்கள் முதலில் பாடினார்கள்? (காரைக்குடி)

உஸ்தாதுகள், அதாவது ஆண் இசை மேதைகள், பலர் தயங்கினார்கள். குரல் போய்விடும் என்ற பயம் ஒன்று. வித்தையை யாரோ திருடிக்கொள்வார்கள் என்ற பயம் இன்னொன்று. கண்ட இடத்தில் கண்ட நேரத்தில் தன் பாட்டு ஒலிப்பது மரியாதை இல்லை என்ற எண்ணமும் இருந்தது. சமூகம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்த தவாயிஃப் பெண்கள்தான் (ஆடிப் பாடுவதைத் தொழிலாகக் கொண்ட வடநாட்டுக் கலைஞர்கள்) துணிந்தார்கள். தெற்கிலும் இதே கதைதான்: சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று தேவதாசி மரபில் வந்தவர்கள்தான் ஆரம்பத் தட்டுகளை நிரப்பினார்கள். இன்று நாம் கேட்கும் பதிவு இசைக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அவர்கள். அந்த நன்றியை நாம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

அவர் பூர்வீகம் என்ன? ஆர்மீனியர் என்கிறார்களே? (கோவை)

1873 ஜூன் 26, ஆஸம்கரில் பிறந்தார். பெயர் ஏஞ்சலினா யோவர்ட். தந்தை ராபர்ட் வில்லியம் யோவர்ட் ஆர்மீனிய வம்சம். பெற்றோர் பிரிந்த பிறகு தாய் விக்டோரியா மகளோடு காசிக்குப் போய், இஸ்லாத்தைத் தழுவி, மல்கா ஜான் ஆனார். மகள் கௌஹர் ஆனார். 1883இல் கல்கத்தா. 1887இல் தர்பங்கா அரசவையில் அரங்கேற்றம்.

நிறையச் சம்பாதித்தாராமே? (சேலம்)

ஆமாம். ஒரு மாலைக் கச்சேரிக்கு 300 ரூபாய் வாங்கினார் என்று கெய்ஸ்பெர்க் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறை பதிவுக்கு வரும்போதும் புதுப் புது உடை, ஒருமுறை போட்ட நகையை மறுமுறை போட்டதில்லை என்றும் அவர் வியந்திருக்கிறார். தீப்பெட்டியில்கூட கௌஹர் படம் போட்டு விற்றார்கள். 1911 தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் பாடகி அலகாபாத் ஜானகிபாயோடு சேர்ந்து பாடினார்.

அப்படிப்பட்டவர் ஏன் மைசூரில் போய் முடிந்தார்? (ஓசூர்)

வழக்குகள்தான் காரணம். வீட்டில் வளர்ந்த பக்லு என்பவர், தானே மல்கா ஜானின் மகன் என்று சொத்துக்கு உரிமை கேட்டு நீதிமன்றம் போனார். தன் பிறப்பை நிரூபிக்க, பல ஆண்டு பார்க்காத தந்தையைத் தேடிப் போக வேண்டிய நிலை கௌஹருக்கு. வழக்கில் ஜெயித்தார். அதற்குப் பின், தன்னிடம் செயலராக இருந்து கணவரான அப்பாஸோடும் வழக்கு. பணமும் போனது, தெம்பும் போனது.

1928 ஆகஸ்டில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை அரண்மனை வித்வாம்சினியாக நியமித்தார். மாதம் 500 ரூபாய். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 1930 ஜனவரி 17ஆம் தேதி மைசூரிலேயே காலமானார். மின்சார மைக்கில் பதிவு செய்வது இங்கே பரவிக்கொண்டிருந்த காலம் அது. கூம்புக்குள் கத்தாமல் இயல்பாகப் பாடிய கௌஹரை நாம் கேட்கவே முடியாமல் போய்விட்டது.

இணையத்தில் கேட்டால் சின்னப் பெண் கீச்சென்று பாடுவது போல இருக்கிறது. அவர் குரலே அப்படியா? (புதுச்சேரி)

அவர் மேல் பழி போடாதீர்கள்! ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. சிலது அதைவிட மெதுவாகச் சுழன்றிருக்கும். அதை 78இல் ஓட்டினால் குரல் மேலே ஏறி, பாட்டும் ஓடும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் பெயர் சொல்லும் இடத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு முப்பது வயதுப் பெண் சாதாரணமாகப் பேசுவது போல எப்போது கேட்கிறதோ அங்கே நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து போடுங்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது. இரைச்சலுக்குப் பின்னால் சாரங்கி தெளிவாகக் கேட்கும்.