கேள்வி–பதில்: காசிமேட்டுக் கணவாய் மீனும் காரைக் களிமண்ணும்

திருவொற்றியூர் கடற்கரையில், அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் பாறைகளுக்கு நடுவே என் மகன் கருநிறச் சங்கு ஒன்றைப் பொறுக்கி வந்தான். கல் மாதிரி கனக்கிறது. அந்தப் பாறையிலிருந்து வந்த பாசிலாக இருக்குமா? வினிகர் விட்டால் நுரை வருகிறது.
— வாசகி, திருவொற்றியூர்

பாசில் இல்லைங்க, பையனிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். வினிகர் சோதனை இதில் உதவாது, நேற்று கரை ஒதுங்கிய சிப்பியும் நுரைக்கும், பத்து கோடி வருடத்துச் சிப்பியும் நுரைக்கும், சுண்ணாம்பு இருந்தால் நுரை வரும், அவ்வளவுதான். சேற்றில் புதைந்து கிடக்கும் ஓடு சில வருடங்களிலேயே கறுத்துவிடும், அதனால் நிறத்தையும் நம்ப முடியாது.

அந்தப் பாறைக்கும் சங்குக்கும் சம்பந்தமில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்புக்காகக் கொட்டியவை உள்ளூர்ப் பாறைகள் இல்லை, லாரியில் வந்த கருங்கல். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆளின் கல்லறையில் இதே வகைக் கல்லைப் பார்த்து, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர். பூமிக்குள் ரொம்ப ஆழத்தில், கடும் சூட்டில் உருவான பாறை அது. அந்தச் சூட்டில் எந்த ஓடும் தப்பாது. பாசில் வேண்டுமென்றால் சேறும் மணலும் படிந்து இறுகிய பாறை வேண்டும், வடசென்னையில் காலடியில் இருப்பது இன்னும் பாறையே ஆகாத மணலும் களியும்.

பழவேற்காடு பக்கம் மண்ணுக்கு அடியில் கிடைக்கும் ஓடுகள் கொஞ்சம் பழசு, ஆயிரக்கணக்கான வருடக் கணக்கு. சுண்ணாம்பு சுடத் தோண்டி எடுத்தது அதைத்தான்.

காசிமேட்டில் ஏலம் விடும் இடத்தில் வேலை செய்கிறேன். அரியலூர் பக்கம் கடல் பாசில் கிடைக்கும் என்கிறார்கள், அங்கே கடலே இல்லையே? ஞாயிறு ஒருநாள் போய் வரலாமா?
— வாசகர், காசிமேடு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! இப்போது கடல் இல்லை, அப்போது இருந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலத்தில் கடல் உள்ளே ஏறி வந்து, பின்வாங்கி, மறுபடி வந்து, அந்தப் பக்கமெல்லாம் சேறு படிந்தது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு மதராஸ் சிவில் அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கத்தில் பொறுக்கிய ஓடுகளை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். அவர்கள் இருவரும் உங்களையும் என்னையும் போல வேடிக்கைக்குப் பொறுக்கினவர்கள்தான்.

முதலில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போங்கள். மழை அரித்து வரிவரியாகக் கிடக்கும் களிமண் காடு, நிழல் கிடையாது, தண்ணீர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். குனிந்து நடந்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரி தேன் நிறத் துண்டுகள் தெரியும், உடைந்த முனையில் நடுவிலிருந்து விரியும் கோடுகள் இருக்கும். பெலம்னைட். உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம், கணவாய் கழுவும்போது உள்ளே வெள்ளையாக ஒரு ஓடு வருமே, லவ் பேர்ட்ஸ் கூண்டில் செருகுகிற கடல்நுரை, இதுவும் அந்த மாதிரி உடம்புக்குள் ஓடு வைத்திருந்த சொந்தக்காரப் பிராணிதான். சதை அழுகிப் போய் வால்பக்கத்துக் கெட்டிச் சுண்ணாம்பு மட்டும் தங்கிவிட்டது. வருடக்கணக்காக மீன் பார்த்த கண் இந்த வடிவத்தை வாத்தியார்களைவிடச் சீக்கிரம் பிடிக்கும் என்பது என் கணிப்பு. கணவாய்க்கு இன்னொரு தூரத்துச் சொந்தமான அம்மோனைட்டின் சுருள் ஓடும் அங்கே உண்டு, முழுசாகக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் தடித்த ஆளிச்சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஆனால் அது சிமெண்டுக்குத் தோண்டும் இடம், அனுமதியில்லாமல் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது, விளிம்பு சரியும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது, கடலில் மிதந்து மூழ்கிக் கல்லானது, 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டது. பார்க்க மட்டும்தான், சில்லு கூட எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட சின்னம்.

ஒரே ஞாயிறில் எல்லாம் நடக்காது. எழும்பூரில் சனிக்கிழமை ரயில் ஏறுங்கள், மறுநாள் விடிகாலையில் காரை.

பாட்டி பூஜையில் வைத்திருந்த சாலிகிராமமும் பாசில் என்கிறார் அண்ணன். சண்டையே வந்துவிட்டது.
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அண்ணன் சொல்வது சரி, நேபாளத்துக் கண்டகி ஆற்றில் வருபவற்றில் பலவற்றுக்குள் இருக்கும் சக்கரம் கிரெடேசியஸுக்கும் முந்தைய ஜுராசிக் காலத்து அம்மோனைட்தான். அதனால் பூஜை கெட்டுவிடாது. உடைத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னால் மட்டும் விடாதீர்கள்.

பொறுக்கியதை எப்படி வைப்பது? ஆசிட் போட்டுக் கழுவலாமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

ஆசிட் வேண்டவே வேண்டாம், ஓடே கரைந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், பொடிவதாக இருந்தால் தண்ணீரும் வேண்டாம். செய்தித்தாளில் சுற்றி, எந்த ஊர், எந்த ஓடை, எந்தத் தேதி என்று அங்கேயே எழுதி உள்ளே போடுங்கள், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். ஒரு கோணி நிறைய, திருச்சிப் பக்கத்து ஊட்டத்தூரில் எடுத்ததும் காரையில் எடுத்ததும் கலந்து, எது எங்கே எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அதில் பெரிய அம்மோனைட்டை அம்மா கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார், எடுக்கக் கேட்டால் காற்றுக்குக் கதவு அடிக்குமே என்கிறார்.