சமரசத்துக்குப் போனால் மகனை இழந்துவிடுவேனா?

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து ஒன்றரை வருடமாகிறது. 7 வயது மகன் யாரிடம் வளர்வது என்று வழக்கு நடக்கிறது. முதலில் சமரசப் பேச்சுக்குப் போகச் சொல்லிவிட்டார் நீதிபதி. கணவர் சாமர்த்தியமாகப் பேசுவார். எனக்கு அழுகைதான் வரும். பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, அவர் உங்களை அடித்ததோ மிரட்டியதோ உண்டா? உண்டென்றால் முதலிலேயே வழக்கறிஞரிடமும் சமரசரிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள். தனித்தனி அறையில் உட்காரவைத்துப் பேசலாம். சமரசமே வேண்டாம் என்றும் கேட்கலாம். அடி வாங்கியவரை எதிரே உட்காரவைத்துப் பேரம் பேசச் சொல்வது அநியாயம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் தைரியமாகப் போங்கள். சமரசர் தீர்ப்பு சொல்பவரல்ல. நீங்கள் சம்மதிக்காமல் அங்கே ஒப்பந்தம் எதுவும் ஆகாது. அங்கே பேசியது பெரும்பாலான இடங்களில் ரகசியமாகவே இருக்கும். உங்கள் நீதிமன்றத்தில் எப்படி என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழுகை வந்தால் வரட்டும். பையனின் ஒரு வாரத்தை மட்டும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, ராத்திரி எப்படித் தூங்குவான், விடுமுறை யாரோடு. "அவனைத் தர மாட்டேன்" என்று ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் பழைய சண்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். தாளைப் பிரித்து வைத்தால் பேச்சு அவனைச் சுற்றியே நடக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் எமரி, இப்படி வழக்குக்கு வந்த குடும்பங்களில் சிலரைச் சமரசத்துக்கும் சிலரை வழக்காடவும் குலுக்கல் முறையில் பிரித்தார். 12 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சில மணி நேரமே சமரசம் பேசிய குடும்பங்களில், பிள்ளையோடு குடியிருக்காத அப்பாவோ அம்மாவோ பிள்ளையிடம் அதிக ஒட்டுதலோடு இருந்தார்கள். உங்கள் மகனுக்கு நான் ஆசைப்படுவதும் இதைத்தான்.

தயவுசெய்து அவனிடம் "உனக்கு யார் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. ஆனால் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் சுமை 7 வயதுக்கு ஆகாது. பயிற்சி பெற்ற ஒருவர் அவனிடம் பேசட்டும்.

முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஓர் ஏற்பாடு கேட்டுப் பாருங்கள். ஒத்துவந்தாலும் அன்றே கையெழுத்து வேண்டாம். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அப்புறம் போடுங்கள். நீதிபதி அதை உத்தரவாகவே பிறப்பிக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.