சீக்கிரம் முடிக்கிற பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கு வேண்டாம்

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஏழாம் வகுப்பில் 34 பேர். அதில் ஒரு மாணவி, அம்மா மீன் விற்பவர், மற்றவர்கள் தலைப்பு எழுதி முடிப்பதற்குள் பயிற்சிக் கணக்கைப் போட்டுவிடுகிறாள். அப்புறம் பேச்சு, பக்கத்தில் இருப்பவர்களைச் சீண்டுவது. கூடுதலாகக் கணக்கு கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இப்போது மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டிருக்கிறேன். இது சரியா? டபுள் ப்ரமோஷன் கேட்கலாமா?

பதில்: டீச்சர், முதல் வேலையாக அந்தக் கூடுதல் கணக்கை நிறுத்துங்கள். சீக்கிரம் முடித்தால் இன்னும் பத்துக் கணக்கு என்றால், எந்தப் பிள்ளையும் இரண்டே வாரத்தில் மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். அவள் முகத்தைத் தூக்குவது திமிர் இல்லை, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்கிற அலுப்பு.

சொல்லிக்கொடுக்க விடுவதும் எப்போதாவது என்றால் நல்லதுதான். தினமும் அதுவே வேலை என்றால், அவளுக்கென்று அந்தப் பீரியடில் புதிதாக எதுவும் கிடைக்காது, கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவள் மேல் ஒரு கசப்பு வந்துவிடும். பள்ளிக்கு வருவது அவளும் கற்றுக்கொள்ளத்தானே.

புதிதாக எதையும் கொடுப்பதற்கு முன்னால் அவளுக்கு எதுவரை தெரியும் என்று பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்புத் தாளில் 98 வாங்கினாள் என்பது நமக்கு ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அதற்கு மேல் அவளுக்கு என்ன தெரியும் என்று அந்தத் தாளால் காட்ட முடியாது. அமெரிக்காவில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் 1970களில் செய்தது எளிமையானது: 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதுகிற தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், போன வருட எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தாளை எடுத்துக் கொடுங்கள். மார்க் போடாதீர்கள், எங்கே தடுமாறுகிறாள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கிருந்துதான் அவளுடைய பாடம் தொடங்குகிறது.

வகுப்பில் தினசரி செய்ய எனக்குப் பலன் தந்த ஒரு வழி இது. பயிற்சியில் கடினமான ஐந்து கணக்கைப் பொறுக்கி, "யார் வேண்டுமானாலும் முதலில் இந்த ஐந்தைப் போடலாம், நான்கு சரியாக இருந்தால் மீதியைப் போட வேண்டாம்" என்று மொத்த வகுப்புக்கும் சொல்லுங்கள். அவளுக்கு மட்டும் என்றால் சலுகை மாதிரி ஆகிவிடும், எல்லோருக்கும் என்றால் நீங்கள் எதிர்பார்க்காத இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்குவார்கள். கையெழுத்து மோசமான, மார்க் குறைவான பையன்களிலும் இப்படிப்பட்டவர்கள் ஒளிந்திருப்பார்கள்.

சரி, மிச்சமாகிற நேரத்தில் என்ன கொடுப்பது? சட்டென்று முடியாத ஒரே ஒரு கேள்வி போதும். உதாரணத்துக்கு: 9 என்பது 4+5, 2+3+4 என்றும் எழுதலாம். 15 என்பது 7+8, 4+5+6, 1+2+3+4+5. இப்படி அடுத்தடுத்த இயல் எண்களின் கூடுதலாக எழுதவே முடியாத எண்கள் எவை? என் வகுப்பில் ஒரு பையன் ரஃப் நோட்டில் ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டே போனான், 1, 2, 4, 8 எல்லாம் அடித்து வைத்திருந்தது, 16க்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அடுத்தது 32 என்று அவனே சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டேன், அதற்குத்தான் நாள் கணக்கில் உட்கார்ந்தான். அந்த 'ஏன்'தான் அவளுக்கு வேண்டியது. முட்டி மோதிப் பழகாத பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் முதல்முறை தடுக்கும்போது, தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிடும். வகுப்பில் 'ஜீனியஸ்' என்று கூப்பிடுவதும் வேண்டாம், அந்தப் பெயரைக் காப்பாற்றவே தப்பு செய்யப் பயப்படுவாள்.

டபுள் ப்ரமோஷனை நான் இப்போது சொல்ல மாட்டேன். ஹெச்.எம்.மிடம் பேசி, கணக்குப் பீரியடுக்கு மட்டும் எட்டாம் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று பாருங்கள், தோழிகளும் கையை விட்டுப் போக மாட்டார்கள்.

அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 5 சதவீதத் தளர்வு), தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழுக்கு அவள் அம்மாவைத் தனியாக அலைய வைக்காமல் நீங்களே துணைக்கு நில்லுங்கள். மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள்: தமிழ்நாட்டில் அந்தப் பள்ளி இல்லை, பக்கத்துக் காலாப்பட்டில் இருப்பது புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு. ஆனால் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிற அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் எல்லோருக்கும்தான், ஒரு சனிக்கிழமை அவளையும் கை தூக்கிய அந்த இரண்டு பேரையும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போங்கள்.

திங்கட்கிழமை அந்த 9, 15 கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள், யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். 16 ஏன் வரவில்லை என்று அவள் என்ன காரணம் சொன்னாள், அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.