சுழற்றினால் மணி அடிக்குமா?
பழைய தொழிற்சாலைத் தொலைபேசி சேகரிப்போர்: வாசகர் கேள்வி பதில்

இணைய ஏலத்தில் ஒரு வார்ப்பிரும்புத் தொலைபேசி வந்திருக்கிறது. 'கே.ஜி.எஃப். சுரங்க போன், 1930, மிக அபூர்வம், டெஸ்ட் செய்யவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். நான்கு படம் உண்டு, நான்கும் முன்பக்கம்தான். ஏலம் 14,000 ரூபாயில் நிற்கிறது. கேட்கலாமா?
– வாசகர், ஆம்பூர்

இப்போதைக்கு வேண்டாம். முதலில் விற்பவரிடம் மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம், பெயர்த்தகடு எழுத்து படிக்கிற அளவு நெருக்கத்தில் ஒரு படம், பின்பக்கம், சுவரில் மாட்டும் காதுகள் நான்கும் தெரிய இன்னொன்று கேளுங்கள். "திறக்க வரவில்லை" என்று பதில் வந்தால், உள்ளே ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டே விலை போடுங்கள். 'டெஸ்ட் செய்யவில்லை' என்பதையும் 'வேலை செய்யவில்லை' என்றே படிக்க வேண்டும். வேலை செய்கிற போனை ஒருவர் சுழற்றிக் காட்டி வீடியோ போடாமல் இருக்க மாட்டார்.

கோலார் தங்கவயல் என்றால் நம் பக்கத்தில் தனி மவுசு. வட ஆர்க்காட்டிலிருந்து அங்கே போய்ச் சுரங்கத்தில் இறங்கிய குடும்பங்கள் ஏராளம். அந்த மூன்றெழுத்து விலையை ஏற்றும் என்பது விற்பவருக்கும் தெரியும். ஆகவே பெயரை விட்டுவிட்டுத் தகட்டைப் பாருங்கள். அந்தச் சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் 1972-ல் உருவானது, 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அந்த நிறுவனத்தின் சொத்து எண் பெயின்டில் எழுதியிருந்தால், போன் 1972-க்குப் பிறகும் புழக்கத்தில் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். எப்போது செய்தது என்பதை அது சொல்லாது. எண்ணே இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு தொழிற்சாலை போன், அவ்வளவுதான்.

வயதைக் கண்டுபிடிக்கத் தகட்டிலுள்ள முகவரியே போதும். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அச்சடித்திருக்க முடியாது. அதற்கு முன்பு 'மெட்ராஸ் – 2' மாதிரி ஊர்ப் பெயரோடு ஒரு வட்டார எண் மட்டும்தான். 'சென்னை' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்குப் பிறகு என்று எடுத்துக்கொள்ளலாம். பெங்களூர் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தகடு என்றால் 1948-க்கு முன்பு போகவே போகாது, அந்த ஆலையே அந்த ஆண்டுதான் பிறந்தது. தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், வேறு பெட்டியின் தகட்டை இதில் அடித்திருக்கிறார்கள்.

அடுத்து ஸ்க்ரூ. 1930 போனில் ஸ்டார் ஸ்க்ரூ இருக்க வழியில்லை, அதற்குக் காப்புரிமை கிடைத்ததே 1936-ல். ஒன்றிரண்டு இருந்தால் பின்னால் மாற்றியது என்று விடலாம். உள்ளே எல்லாமே ஸ்டார் என்றால் போனே பிந்தையது. ஒயரையும் கவனியுங்கள்: பருத்தி நூல் பின்னிய ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையுமாக பி.வி.சி. ஓடினால் உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பெயின்ட். புதுப் பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பைக் கண்டால் சந்தேகப்படுங்கள். விரிசல் பெரும்பாலும் மாட்டும் காதின் அடியில்தான் வரும். சுவரில் ஆணியை இறுக்கும்போது சுவர் சமமாக இல்லாவிட்டால் காது பிளந்துவிடும். கனமாகப் பெயின்ட் அடித்தால் அது மறைந்துவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு படம் எடுக்கச் சொன்னால் கோடு தெரிந்துவிடும். ஸ்க்ரூவின் காடியிலும் ரப்பர் கேஸ்கெட் மேலும் பெயின்ட் ஏறியிருந்தால், கழற்றாமலே வெளியில் அடித்த வேலை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், வாங்கிய பிறகு உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்புத் தேய்க்காதீர்கள்.

பித்தளையில் டயல் வைத்த மேசை போன். அடியில் 'லண்டன் 1885' என்று பொறித்திருக்கிறது. 6,500 ரூபாய் சொல்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

அலங்காரப் பொருள். ஆபரேட்டர் இல்லாமல் லைனை இணைக்கும் தானியங்கி இணைப்பகத்துக்கு அமெரிக்கர் ஸ்ட்ரோஜர் காப்புரிமை பெற்றதே 1891-ல். எண் சுழற்றும் டயல் அதற்கும் பிறகுதான் வந்தது. 1885-ல் டயலுக்கு வேலையே இல்லை. இப்படிப்பட்ட பித்தளைப் போன்கள் இப்போதும் புதிதாகச் செய்து விற்பனைக்கு வருகின்றன. பலவற்றில் துளைக்குள் இருப்பது அழுத்தும் பொத்தான், சுழலும் தட்டு இல்லை. வரவேற்பறைக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், பழையது என்ற கணக்கில் வாங்காதீர்கள்.

'எஸ்.ஆர்.' என்று முத்திரையிட்ட ஸ்டேஷன் தொலைபேசி ஏலத்தில் இருக்கிறது. 1920-களைச் சேர்ந்தது என்கிறார். ரயில்வே பொருளை வாங்கினால் சிக்கல் வருமா?
– வாசகர், விழுப்புரம்

சிக்கல் வரலாம். ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966-ன் கீழ், திருடப்பட்டதோ என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் ஒருவரிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே தன் பழைய சாமான்களை ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற தன் இணையதளத்தில் மின்னணு ஏலம் விட்டு, லாட்டாக, அதாவது மொத்தக் குவியலாகத் தருகிறது. அந்த லாட்டை எடுத்தவரின் பில்லும், அவரிடமிருந்து இந்த விற்பவர் வரையிலான ரசீதும் வேண்டும். லாட்டில் 'கலப்பு உலோகக் கழிவு' என்றுதான் இருக்கும், போன் என்று தனியாக எழுதியிருக்காது. அதனால் உங்கள் ரசீதில் போனின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். 'காயலான் கடையில் கிடைத்தது' என்பது ரசீது ஆகாது.

வயதுக்கு வருவோம். நம்முடைய தெற்கு ரயில்வே 1951 ஏப்ரல் 14-ல் உருவானது. அதற்கு முன் உங்கள் பக்கம் ஓடியது தென்னிந்திய ரயில்வே என்பதால் முத்திரை 'எஸ்.ஐ.ஆர்.' என்றிருக்கும். ஆக, 1920-கள் என்று சொல்லி 'எஸ்.ஆர்.' காட்டினால் பொருந்தவில்லை. ஒரே ஒரு விலக்கு: இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 வரை சதர்ன் ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது. போன் அங்கிருந்து வந்ததாக இருந்தால் விற்பவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

கைப்பிடி சுழற்றும் மேக்னெட்டோ போன் இரண்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்கும் 400 மீட்டர் தள்ளியிருக்கும் பம்ப்செட் அறைக்கும் பேச முடியுமா? எப்படிச் சோதிப்பது?
– வாசகர், உடுமலைப்பேட்டை

தாராளமாகப் பேசலாம், இந்தப் போன் பிறந்ததே அதற்குத்தான். இணைப்பகம் வேண்டாம், வீட்டுக் கரன்ட் வேண்டாம்.

முதலில் மேக்னெட்டோ, அதாவது கைப்பிடியைச் சுழற்றினால் மணி அடிக்க மின்சாரம் தரும் சிறு மின்னாக்கி. வெளி இணைப்பு முனைகள் இரண்டையும் ஒன்றும் தொடாமல் விட்டுக் கைப்பிடியைச் சுழற்றுங்கள், லேசாகச் சுற்றும். இப்போது இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுச் சுழற்றுங்கள், கை கனக்க வேண்டும். கனத்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. கனக்காவிட்டால் உடனே சுருள் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல மாடல்களில் சும்மா இருக்கும்போது மேக்னெட்டோ லைனோடு சேர்ந்திருக்காது. சுழற்றும்போது அச்சு சிறிது நகர்ந்து ஒரு பித்தளைப் பட்டையைத் தள்ளினால்தான் சேரும். அந்தப் பட்டையின் முனையில் களிம்பேறியிருந்தால் இணைப்பு வராது. ஒரு காகிதத் துண்டை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் போட வேண்டாம்.

சுழற்றும்போது முனைகளைத் தொடாதீர்கள். வினாடிக்கு மூன்று சுற்று வேகத்தில் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் வரும், நன்றாகவே உதறும். கைப்பிடியைப் பின்பக்கமாகவும் சுழற்றாதீர்கள், பல போன்களில் அது மரை கழன்று கையோடு வந்துவிடும்.

பேசும் பகுதிக்கு ஒவ்வொரு போனுக்கும் 3 வோல்ட் வேண்டும். அந்தக் காலத்தில் 15 செ.மீ. உயர உலர் மின்கலம் இரண்டு வைப்பார்கள். இப்போது பெரிய டார்ச் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் போதும். செல்லுக்கும் போனுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து, ரிசீவரை மாட்டியிருக்கும்போது மின்னோட்டம் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொக்கிக்குக் கீழுள்ள பட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, செல் சில நாளில் காலியாகிவிடும். மணி அடிக்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்றால் வாய்ப்பகுதியில் உள்ள கார்பன் துகள் ஈரத்தில் கட்டிப்பட்டிருக்கும். உள்ளங்கையில் மெதுவாகத் தட்டித் திருப்புங்கள். மீட்டரில் அதன் ஓம் அளவு ஊதும்போது ஆட வேண்டும். அசையாமல் நின்றால் வெயிலில்லாத உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள்.

இரண்டு போனுக்கும் நடுவே இரண்டு இழை முறுக்கு ஒயர். மோட்டார் லைன் போகும் குழாயிலோ கம்பத்திலோ இதைச் சேர்த்துக் கட்டாதீர்கள். இரைச்சல் வருவது ஒருபுறமிருக்க, மோட்டார் லைன் உரசினால் ஆளையே கொன்றுவிடும். ஒயரை மேலே இழுத்தால் இரு முனையிலும் இடிதாங்கி அமைப்பு வேண்டும். வீட்டு லேண்ட்லைனிலோ ஃபைபர் மோடத்தின் போன் துளையிலோ மேக்னெட்டோவைச் சொருகவே கூடாது. ஒரு சுற்றிலேயே மோடம் போய்விடும்.

'எஃப்.எல்.பி.' என்று பொறித்த தீப்பிடிக்காத சுரங்கப் போன் ஒன்று மலிவாக வருகிறது. பட்டாசு ஆலையில் மாட்டலாமா?
– வாசகர், சிவகாசி

கூடாது. அந்தப் பெட்டிக்குள் பொறி வராது என்று நினைப்பது தவறு, கொக்கிக்குக் கீழுள்ள பட்டைகளும் மேக்னெட்டோவின் பட்டையும் பொறி விடலாம். உள்ளே வாயு புகுந்து வெடித்தாலும், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள அகலமான, மழமழப்பான உலோக விளிம்பின் மெல்லிய இடுக்கு வழியாக வரும்போது சுடர் குளிர்ந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. விளிம்பில் துரு, கீறல், பெயின்ட் இருந்தாலோ, ஒரு போல்ட் குறைந்தாலோ அந்தக் கணக்கு தவறிப்போகும். மேலும் அந்தச் சான்று சுரங்க வாயுவுக்கானது, பட்டாசு மருந்துத் தூளுக்கு அல்ல. ஆலையில் எதை மாட்டலாம் என்பது 2008 வெடிபொருள் விதிகளின்படி அனுமதி பெற வேண்டிய விஷயம்.

சேகரிப்புக்கு என்றால் வாங்குங்கள். விளிம்பைத் தேய்க்காமல் லேசாக எண்ணெய் துடைத்து வையுங்கள், இந்த வகைப் போனில் சேகரிப்போர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான்.

வெளிநாட்டு ஏலத்தில் எவ்வளவு வரை போகலாம்? உடையாமல் வருமா?
– வாசகர், கோவை

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டினால் கடந்த 90 நாள் கணக்கு கிடைக்கும். உங்கள் உச்ச விலையை ஒரே தடவை போட்டுவிட்டு விலகிவிடுங்கள். நூறு நூறாக ஏற்றிப் போட்டி போடுவது எதிராளிக்குத்தான் உதவும். சுங்க வரி பொருள் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. வார்ப்பிரும்புக்கு அனுப்பும் கட்டணமே போனின் விலையைத் தாண்டுவது சகஜம்.

உடைவது பெட்டி அல்ல, ரிசீவர். பேக்லைட் (பழைய வகைக் கடின பிளாஸ்டிக்) ரிசீவர் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டு வந்தால் பத்துக் கிலோ இரும்பு அதன்மேல் மோதும். ரிசீவரைக் கழற்றித் தனிச் சுருளாகச் சுற்றி, முடிந்தால் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். கைப்பிடியையும் கழற்றச் சொல்லுங்கள். மணியின் இரு கிண்ணத்துக்கும் நடுவே ஒரு துணி. இதையெல்லாம் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேட்டு, 'சரி' என்ற பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.