புதிய கோ-ஆர்டினேட்டரும் பழைய லைன்பேக்கரும்

கேள்வி: என் மகன் டெக்சஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதல்நிலை அமெரிக்கக் கால்பந்து அணியில் மூன்றாம் ஆண்டு லைன்பேக்கர்; தடுப்பு அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன். இதுவரை அவர்கள் ஆடியது 3-3-5 தடுப்பு முறை: முன்வரிசையில் மூவர், லைன்பேக்கர்கள் மூவர், பின்வரிசையில் ஐவர். சனவரி மாத இறுதியில் வந்த புதிய டிஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர் (தடுப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர்) 4-2-5 முறைக்கு மாறப்போவதாக அறிவித்துவிட்டார். அதில் லைன்பேக்கர்கள் இருவர் மட்டுமே என்பதால், 228 பவுண்டு எடையுள்ள என் மகனை முன்வரிசையின் ஓரமான எட்ஜ் இடத்துக்குப் போகச் சொல்லி, ஆகஸ்டுக்குள் 15 பவுண்டு கூட்டவும் சொல்லியிருக்கிறார்கள். “என்னைத் தேர்ந்தெடுத்தவர் போய்விட்டார், இவருக்கு நான் தேவையில்லை, வேறு கல்லூரிக்குப் போகிறேன்” என்கிறான். தன் திட்டத்துக்காக ஒரு பயிற்சியாளர் பிள்ளைகளை இப்படி மாற்றுவது சரிதானா? அவன் போவதா, இருப்பதா?
– ஒரு தாய், ஹூஸ்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போவதா இருப்பதா என்ற கேள்வியை இந்த ஆண்டுக்கு ஒதுக்கி வைத்துவிடலாம். முன்பெல்லாம் வசந்தகாலப் பயிற்சி முடிந்த பிறகும் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான பட்டியலில் பெயர் கொடுக்க ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது முதல்நிலைக் கால்பந்தில் அது சனவரியில் இரண்டு வாரங்களுக்குச் சுருங்கிவிட்டது; புதிய கோ-ஆர்டினேட்டர் வருவதற்குள் அதுவும் முடிந்துவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் தனியாக ஒரு வாய்ப்பு உண்டு என்றாலும், உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆகவே, வரும் பருவத்தை அவன் இந்த அணியில்தான் ஆடப்போகிறான் என்று வைத்துக்கொண்டு, அதை எப்படி ஆடுவது என்பதைப் பார்ப்போம்.

3-3-5, 4-2-5 என்ற எண்கள் உங்களை அச்சுறுத்த வேண்டாம். பந்து அசைவதற்கு முன் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் அவை சொல்கின்றன. அசைந்த பிறகு யாருக்கு என்ன வேலை என்பதைச் சொல்வதில்லை. எதிரணியின் முன்வரிசையில் ஐந்து பெரிய ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவிலும் இரு ஓரங்களிலும் உள்ள ஒவ்வொரு இடைவெளியும் ஓட்டக்காரருக்கு ஒரு வாசல். அந்த ஒவ்வொரு வாசலுக்கும் தடுப்பு அணியில் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். எந்த முறையை ஆடினாலும் இந்தக் கணக்கு மாறாது. முன்வரிசையில் மூன்று பேரை மட்டும் நிறுத்தும் 3-3-5 முறையில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நெருக்க மூவர் போதாது என்பதால், லைன்பேக்கர்களில் ஒருவர் நான்காவது ஆளாகப் பெரும்பாலும் பாய்ந்துகொண்டுதான் இருப்பார். உங்கள் மகன் இரண்டு ஆண்டுகளாக அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்து வந்திருக்கிறான். புதிய முறையில் அவன் அதே வாசலுக்கே போகலாம். நாலைந்து கெஜம் பின்னாலிருந்து போனவன், இப்போது கோட்டிலேயே நின்று போவான்.

உண்மையான கடினம் கண்ணில் இருக்கிறது. பின்னால் நிற்கும் லைன்பேக்கர் எதிரணி முன்வரிசையின் நடுப்பகுதியில் நிற்கும் கார்டுகளையும் அவர்களுக்குப் பின்னால் ஓட்டக்காரரையும் சேர்த்துப் பார்த்து, அரை நொடி காத்திருந்து, பிறகு நகர்கிறார். கோட்டில் நிற்கும் எட்ஜுக்கு அந்த அரை நொடி கிடையாது. அவர் பார்க்க வேண்டியது எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் தனக்கு எதிரே நிற்கும் டேக்கிளின் தோளையும் இடுப்பையும். தீர்மானமும் முதல் அடியும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். பழைய பழக்கத்தை விட்டு இந்தப் பார்வைக்கு மாற ஒருவனுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். தன் மகன் திறமை குறைந்துவிட்டான் என்று பெற்றோர் அஞ்சுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

பயிற்சியாளர் செய்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகவும் செய்யலாம், மிகத் தவறாகவும் செய்யலாம். இரண்டுக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகமே சான்று. அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த ரிச் ராட்ரிகஸ், தாம் முன்பிருந்த வெஸ்ட் வெர்ஜினியாவில் வெற்றி தந்த 3-3-5 முறையை 2010 பருவத்தில் மிச்சிகனிலும் ஆட வைத்தார். அந்த முறையை அங்கே வளர்த்த உதவியாளர் மிச்சிகனுக்கு வரவில்லை. கோ-ஆர்டினேட்டராக இருந்த கிரெக் ராபின்சன், டென்வர் பிராங்கோஸ் என்ற தொழில்முறை அணியில் இரண்டு சூப்பர் பவுல் (தொழில்முறை இறுதிப் போட்டி) வெற்றிகளுக்குப் பங்களித்தவர் என்றாலும், அவர் கற்று வளர்ந்தது 4-3 முறையில். தமக்குப் பழகாத பாடத்தை, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படாத மாணவர்களுக்கு அவர் நடத்த வேண்டியிருந்தது. அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 35.2 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. இல்லினாய்க்கு எதிரான ஓர் ஆட்டத்தில் வென்றபோதும் 65 புள்ளிகளை இழந்தது.

அடுத்த ஆண்டு எல்லாரும் மாறினார்கள். பிராடி ஹோக் தலைமைப் பயிற்சியாளராக, பால்டிமோர் ரேவன்ஸ் அணியிலிருந்து கிரெக் மேட்டிசன் கோ-ஆர்டினேட்டராக வந்தார். மைக் மார்ட்டின், ரயன் வான் பெர்கன், ஜோர்டன் கோவாக்ஸ் என்று ஆடியவர்களில் பலர் பழையவர்களே. மேட்டிசன் அவர்களை 4-3 முறையின் ‘அண்டர்’ வடிவத்தில் நிறுத்தினார்; ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல், அதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். 2011 பருவத்தில் ஆட்டத்துக்கு 17.4 புள்ளிகள்தான் போயின. அணி 11 ஆட்டங்களை வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. காயத்திலிருந்து திரும்பியவர்கள், ஓராண்டு முதிர்ச்சி, தவறவிட்ட பந்துகள் தங்கள் கைக்கே வந்த அதிர்ஷ்டம் எல்லாம் அதில் உண்டு. அத்தனையும் மேட்டிசன் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் புள்ளிகள் பாதியாகக் குறைந்ததை அதிர்ஷ்டத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அந்த அணியில் உங்கள் மகன் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் கிரெய்க் ரோ. 2010இல் அவரைப் பெரும்பாலும் லைன்பேக்கராக நிறுத்தினார்கள். 2011இல் முன்வரிசை ஓரத்துக்கு, அதாவது இப்போது உங்கள் மகனைப் போகச் சொல்லும் அதே பக்கத்துக்கு, மாற்றினார்கள். பருவத்தின் தொடக்கத்தில் அவர் பெயரே கேட்கவில்லை. பாதிப் பருவத்துக்குப் பிறகு அணியின் நம்பகமான ஆட்களில் ஒருவரானார். பின்னர் கனடாவிலும் தொழில்முறை ஆட்டக்காரராக ஆடினார். 2024 ஜூலையில், 33 வயதிலேயே புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது என்பதை வருத்தத்தோடு இங்கே குறிப்பிடுகிறேன்.

இதே பல்கலைக்கழகத்தில் 2021இல் மைக் மெக்டொனால்ட் கோ-ஆர்டினேட்டராக வந்தபோது நடந்தது, புதிய கோ-ஆர்டினேட்டர் ஒருவரால் மறைந்திருந்த ஆட்டக்காரர் வெளிப்படுவதற்கு எடுத்துக்காட்டு. அதுவரை பெரும்பாலும் கையைத் தரையில் ஊன்றி ஆடிய ஏடன் ஹட்சின்சனை அவர் நிமிர்ந்து நிற்கும் எட்ஜாக ஆக்கினார். முந்தைய ஆண்டு ஆட்டமே ஏறக்குறைய இல்லாத டேவிட் ஒஜாபோவை மறுபக்கம் நிறுத்தினார். அந்தப் பருவத்தில் ஹட்சின்சன் 14 முறையும் ஒஜாபோ 11 முறையும் குவார்ட்டர்பேக்கைப் பந்தெறியும் முன் வீழ்த்தினார்கள்.

உங்கள் மகனின் கோ-ஆர்டினேட்டர் இவர்களில் எந்த வகை என்பதை வசந்தகாலத்தின் 15 பயிற்சிகளுக்குள் ஓரளவு கண்டுகொள்ளலாம். அணியை வைத்து முறையை அமைப்பவர் முதலில் கொஞ்சமாகக் கற்பிப்பார். இரண்டு நிலைகள், பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை மறிக்கும் மூன்று கவரேஜ்கள், அவை பிழையில்லாமல் வந்த பிறகே அடுத்தது. பருவம் தொடங்கிவிட்டால் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று விதியிருப்பதால், ஏட்டில் உள்ள அத்தனையையும் ஏப்ரலிலேயே திணிப்பவரிடம் பிள்ளைகள் செப்டம்பரில் குழம்பித்தான் நிற்பார்கள். உங்கள் மகன் தன் நிலைப் பயிற்சியாளரிடம் பணிவாகக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு (பத்து கெஜம் முன்னேற எதிரணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்): “முதல் டவுனில் நான் எங்கே, மூன்றாவது டவுனில் நான் எங்கே?” 228 பவுண்டு ஆளை, எதிரணி ஓடப்போகிறது என்று தெரிந்த முதல் டவுன்களில் எல்லாம் 300 பவுண்டைத் தாண்டிய டேக்கிளுக்கு எதிரே நிறுத்துவதாகச் சொன்னால், அவர் வெற்றிடத்தை நிரப்பப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும். பந்தெறியும் டவுன்களில் பாயவும், சில நேரம் பாய்வதுபோல் காட்டிப் பின்வாங்கி ரிசீவரை மறிக்கவும் பயன்படுத்துவதாகச் சொன்னால், லைன்பேக்கராக அவன் கற்றதை அவர் கவனித்திருக்கிறார். முன்வரிசையில் வளர்ந்த எட்ஜுகளுக்கு அந்தப் பின்வாங்கல் எளிதில் வராது. உங்கள் மகனுக்கு அது கைவந்தது. இரண்டாவது பதில் வந்தால் அவன் மனக்குறையை விட்டுவிட்டு உழைக்கட்டும். முதல் பதில் வந்தால், சனவரியைப் பற்றி இப்போதே யோசிக்கலாம். யோசித்துக்கொண்டே நன்றாக ஆடவும் வேண்டும், ஏனென்றால் அடுத்த கல்லூரி பார்க்கப்போவது இந்தப் பருவத்தின் ஒளிப்பதிவைத்தான்.

எடையைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. 15 பவுண்டு என்பது எட்ட முடியாத இலக்கு அல்ல; ஆனால் அதை வேகமாக ஏற்றினால் முதல் அடி மந்தமாகிவிடும், அவனை அந்த இடத்துக்குத் தகுதியாக்கியதே அந்த முதல் அடிதான். அணியின் உணவு ஆலோசகர் தரும் கணக்கின்படி, பளு தூக்கும் பயிற்சியோடு சேர்ந்து மெல்ல ஏறட்டும். பத்து பவுண்டு ஏறியதும் ஓட்ட வேகத்தை அளந்து பார்த்து, குறைந்திருந்தால் அங்கேயே நிறுத்தக் கேட்கலாம். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் தட்டை நிறைத்துவிட உங்கள் கை பரபரக்கும். சோற்றோடு முட்டையும் பருப்பும் மீனும் கூடுதலாக இருக்கட்டும். இனிப்பில் எடையை ஏற்ற வேண்டாம்.

செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்குப் போகும்போது பந்தைப் பின்தொடராதீர்கள். ஒவ்வொரு முறை பந்து அசையும்போதும் உங்கள் மகனின் கால்களை மட்டும் பாருங்கள். எதிரே நிற்கும் டேக்கிள் அசைந்த அதே கணத்தில் அவன் கால் நகர்ந்தால், புதிய இடம் அவனுக்குப் பழகிவிட்டது. ஒரு கணம் தாமதித்தால் அவன் இன்னும் பழைய கண்ணால் பார்க்கிறான். அன்று இரவு அவன் தொலைபேசியில் பேசும்போது அதைச் சொல்லாதீர்கள், அவனுக்கே தெரிந்திருக்கும். நான்காவது, ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடியும் அதே கால்களைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.